வாய்க்குக் கிட்ட மைக்: டிஎஸ்எல்ஆர் வீடியோவுக்கு ஒலி பிடிப்பது

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடியோக்களில் கூறைச்சேலையின் சரிகை இழை இழையாகத் தெரியும். ஐயர் சொல்லும் மந்திரம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். லென்ஸுக்குக் கொட்டிய காசில் பத்தில் ஒரு பங்குகூட மைக்குக்குப் போகவில்லை, அதுதான் காரணம் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. நல்ல விலை மைக்கை வாங்கி கமராவின் தலையில் பூட்டிவிட்டு ஐந்து மீற்றர் தள்ளி நின்றாலும் அதே சத்தம்தான் வரும். ஒலிப்பதிவில் முதல் கேட்க வேண்டியது, கதைக்கிறவரின் வாய்க்கும் மைக்குக்கும் இடையில் எத்தனை சாண் என்பதைத்தான். மைக்கின் பெயர், விலை, கமராவின் மொடல் எல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு எளிது. வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் இறங்கும். வாயில் இருந்து 20 சென்ரிமீற்றரில் இருந்த மைக்கை 320 சென்ரிமீற்றருக்குக் கொண்டுபோனால் நான்கு முறை இரட்டித்தாயிற்று. குரல் 24 டெசிபல் போய்விட்டது. மேலே சுழலும் மின்விசிறியும் வீதியால் போகும் ஓட்டோவும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பிறகு எடிற்றிங்கில் குரலைத் தூக்கினால் அவையும் சேர்ந்தே எழும்பும். அறைக்குள் இன்னும் மோசம்: வாயில் இருந்து நேரே வரும் ஒலி குறையக் குறைய, சுவரில் பட்டு வரும் எதிரொலி குறையாமல் நிற்கும். மண்டபத்தில் நாலு மீற்றர் தள்ளிப் பிடித்த பேச்சில் பெரும்பங்கு மண்டபத்தின் சுவர்தான். அந்த எதிரொலியைக் கழற்றி எடுப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் குரலின் உயிரையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

கமரா என்ன செய்கிறது

டிஎஸ்எல்ஆரில், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய கண்ணாடிக் கமராவில், வீடியோ வந்ததே 2008-இல்தான். அந்த வருடம் வந்த நிக்கொன் டி90-இல் வெளி மைக் குத்த ஓட்டையே இல்லை. அதே வருடம் வந்த கெனன் 5டி மார்க் 2-இல் ஓட்டை இருந்தது; ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதி 2010-இல் வந்த ஃபேர்ம்வெயருக்கு (கமராவின் உள் மென்பொருளுக்கு)ப் பிறகுதான் கிடைத்தது. படப்பெட்டியில் ஒலி பின்னால் ஒட்டப்பட்ட சங்கதி. அந்தக் குணம் மலிவான மொடல்களில் கடைசிவரை போகவில்லை.

பாவித்த கமரா வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கெனன் 1100டி, 1200டி, 1300டி ஆகியவற்றிலும் நிக்கொன் டி3400, டி3500 ஆகியவற்றிலும் மைக் குத்த இடமில்லை. கெனன் 550டி-இல் இடம் இருக்கிறது, ஒலி அளவு தானியங்கிதான். 600டி-இல் இருந்து கையால் வைக்கலாம். ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் 700டி-உம் உதவாது, 80டி அளவுக்குப் போக வேண்டும். மைக் குத்த முடியாத கமராவை வாங்கிவிட்டேனே என்று யாரும் தலையில் கை வைக்க வேண்டியதில்லை. தனி ரெக்கோடர் இருந்தால் எந்தக் கமராவும் போதும். அதைப் பிறகு பார்ப்போம்.

தானியங்கி அளவு ஏன் கூடாது? கதைக்கிறவர் மூச்சு விட நிறுத்தினால், சத்தம் குறைந்துவிட்டதென்று கமரா நினைத்து உணர்திறனைக் கூட்டும். மின்விசிறியின் ‘ஸ்ஸ்’ மெல்ல எழும்பி வரும். அடுத்த சொல் விழுந்ததும் சடாரென்று இறக்கும். நடுவில் கோயில் மணி ஒருமுறை அடித்தால் அடுத்த ஓரிரு செக்கனுக்குக் குரலே அமுங்கிப் போகும். இப்படி ஏறி இறங்கிய ஒலியைச் சமன் செய்வது பெரும் பாடு. மெனுவில் சவுண்ட் ரெக்கோடிங்கை ஓட்டோவில் இருந்து மனுவலுக்கு மாற்றுங்கள். உரக்கக் கதைக்கும் இடங்களில் மட்டும் லெவல் மீற்றர் ‘12’ என்ற கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிற அளவுக்கு வையுங்கள். அது மைனஸ் 12 டெசிபல். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும், வெட்டுப்பட்டது திரும்பி வராது.

இன்னொரு பலவீனம் கமராவுக்குள் இருக்கும் பெருக்கி. லெவலைக் கூட்டினால் அதன் சொந்த இரைச்சல் கேட்கத் தொடங்கும். ஆகவே கமராவின் லெவலை அடியில் ஒன்றிரண்டு புள்ளியில் வைத்து, மைக்கில் இருந்தே பலமான ஒலியை அனுப்ப வேண்டும். றோட் வீடியோமைக் ப்ரோவின் பின்னால் உள்ள +20 டெசிபல் சுவிச் இதற்காகத்தான் இருக்கிறது. அது 9 வோல்ற் பற்றரியில் ஓடுவது. பற்றரி இல்லாவிட்டால் மைக் ஊமை. சிறிய வீடியோமைக்ரோவுக்குப் பற்றரி இல்லை, கமரா தரும் சில வோல்ற் மின்சாரத்திலேயே ஓடும். அதனால் கமராவின் பெருக்கியை நம்பித்தான் இருக்க வேண்டும். கிட்ட வைத்தால் பிழையில்லை.

கமராவின் தலையில் மைக் இருந்தால் லென்ஸின் சத்தமும் ஏறும். பழைய 50 மிமீ எஃப்1.8-இன் ஓட்டோஃபோகஸ் மோட்டர் கடகடக்கும். 2015-இல் வந்த, சத்தம் குறைந்த மோட்டர் உள்ள எஸ்டிஎம் பதிப்பு எவ்வளவோ மேல். ஃபோகஸைக் கையால் வைத்துவிட்டு ஓட்டோவை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. லென்ஸில் அசைவைத் தடுக்கும் வசதி ஓடினால் அதற்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. ஸ்டாண்டில் நிற்கும் கமராவுக்கு அது தேவையும் இல்லை.

கொலர் மைக்கும் கொக்கைத்தடியும்

ஒருவரை இருத்திக் கதை கேட்பதற்கு வயருள்ள கொலர் மைக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. போயா பிவை-எம்1 போன்ற மலிவான ஒன்றே பல இடங்களில் போதும். அதில் 6 மீற்றர் வயர் இருக்கிறது. கமராவோ ரெக்கோடரோ எங்கே நின்றாலும் எட்டும். பற்றரிக் குழாயில் ஒரு சிறு சுவிச் இருக்கும். போனுக்கு ஒரு பக்கம், கமராவுக்கு மறுபக்கம். கமராவில் குத்திவிட்டுச் சுவிச்சைப் போன் பக்கம் விட்டால் ஒலி வராது, அல்லது எலி கத்துகிற அளவுக்கு வரும். வேலை முடிந்து திருப்பிப் போடாவிட்டால் எல்ஆர்44 பற்றரி இறங்கிப்போகும். பையில் இரண்டு பற்றரி கூடுதலாகக் கிடக்கட்டும், நகரில் கிடைப்பது எல்லா ஊரிலும் கிடைக்காது.

பிளக்கையும் பாருங்கள். உலோகத்தில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது கமராவுக்கானது. மூன்று இருந்தால் போனுக்கானது. போனுக்கென்றே செய்த கொலர் மைக்கை நேரே கமராவில் குத்தினால் மைக்கின் வயரும் தரை வயரும் ஒன்றாகிவிடும், சத்தமே வராது. மூன்றை இரண்டாக மாற்றும் சிறிய அடாப்டர் ஒன்று வேண்டும். போயாவின் பிளக்கிலும் மூன்று வளையம்தான். அங்கே அந்தச் சுவிச்தான் அடாப்டரின் வேலையைச் செய்கிறது.

மைக்கை எங்கே குத்துவது? நாடிக்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில். கழுத்துக்குள் ஒளித்தால் நாடியின் நிழல் விழுந்து குரல் மங்கும். எங்கள் உடுப்புகள் ஒலிப்பதிவுக்கு உதவுபவை அல்ல. காஞ்சிபுரம் சேலை உரசினால் சரசரக்கும். தாலிக்கொடியும் பதக்கச் சங்கிலியும் மைக்கில் தட்டினால் ஒவ்வொரு தட்டும் வெடிபோலக் கேட்கும். பெண்களுக்குச் சட்டையின் கழுத்து விளிம்பில், கொடி தொங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குத்துங்கள். கிளிப்புக்குக் கீழே வயரை ஒரு சிறு வளையமாக மடித்து, மருந்துக்கடையில் விற்கும் காயத்துக்கு ஒட்டும் காகித டேப்பால் துணியின் உட்பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். வயரை யாரும் இழுத்தாலும் அந்த இழுவை வளையத்தோடு நின்றுவிடும், மைக்குக்குப் போகாது. சேர்ட் போட்டவருக்கு இரண்டு பொத்தானுக்கு நடுவே. மேலுக்கு ஒன்றும் போடாமல் வேட்டியும் சால்வையுமாக இருப்பவருக்குச் சால்வையின் ஓரத்தில் குத்தக் கூடாது, அவர் கையைத் தூக்கினால் மைக் முதுகுக்குப் போய்விடும். நெஞ்சிலேயே டேப்பால் ஒட்டலாம். சித்திரை வெயிலில் வியர்வை அதைக் கால்மணி நேரத்தில் கழற்றும், அதனால் முதலில் துணியால் வடிவாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அளவு பார்க்க “ஒண்டு, ரெண்டு, மூண்டு” சொல்லச் சொன்னால் எல்லோரும் மெல்லத்தான் சொல்வார்கள். பிறகு கதை சூடு பிடித்ததும் குரல் ஏறி ஒலி வெட்டுப்படும். “அம்மம்மா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று கேளுங்கள். புட்டில் தொடங்கி மருமகளின் சம்பலில் குறை சொல்லும்போது வருகிற குரல்தான் அவரின் உண்மையான குரல். அதற்கு லெவலை வையுங்கள்.

மைக் தெரியக் கூடாத இடத்தில் ஷொட்கன் மைக்கை, அதாவது முன்பக்கச் சத்தத்தை மட்டும் கூடுதலாகப் பிடிக்கும் நீளக் குழாய் மைக்கை, தடியில் கட்டித் தலைக்கு மேலால் நீட்டுவது வழக்கம். பூம் தடி வாங்கக் காசில்லையென்றால் முருங்கைக்காய் பறிக்கும் கொக்கைத்தடியின் கொக்கையைக் கழற்றிவிட்டுப் பாவிக்கலாம். மூன்று மீற்றர் நீளம் தாராளம். மைக்கைத் தடியில் இறுக்கிக் கட்டக் கூடாது. விரல் அசைவு ஒவ்வொன்றும் தடிவழியாக ஏறும். ரப்பர் வளையங்களில் ஊஞ்சல்போலத் தொங்கவிடுங்கள். வயரைத் தடியோடு சுற்றி ஒட்டி, கைப்பக்கம் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். மைக்கின் முனை வாயையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும், படத்தின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். பிடிக்கிறவருக்கு ஐந்து நிமிடத்தில் தோள் வலிக்கும். அந்த வேலையை ஊர்ச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், பாதிக் கதையில் மைக் முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஷொட்கனை ஸூம் லென்ஸ் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தூரத்துக் குரலை இழுத்துக் கிட்ட கொண்டுவராது. பக்கவாட்டில் வரும் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் உள்ள அறைக்குள் அந்த வித்தையும் சரிவராது. பக்கவாட்டில் வந்து குழாய்க்குள் நுழையும் எதிரொலி குரலைக் குழிவாக்கிவிடும். அறைக்குள் கொலர் மைக், வெளியில் ஷொட்கன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது.

வயரில்லாத செற்றுகள் இப்போது எல்லாக் கலியாணத்திலும் வந்துவிட்டன. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுபவை மண்டபத்து வைஃபையோடும் நூற்றுக்கணக்கான போன்களோடும் இடம்பிடிக்கப் போராடுபவை. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அந்த அலையைக் குடித்துவிடும். அனுப்பியை மாப்பிள்ளையின் முதுகுப் பக்கம் செருகிவிட்டு முன்னால் நின்று எடுத்தால் இடையிடையே அறும். அனுப்பியும் வாங்கியும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வையுங்கள். வாங்குவதாக இருந்தால் அனுப்பிக்குள்ளேயே பதிவுசெய்யும் வகையை வாங்குங்கள். 2021-இல் வந்த றோட் வயர்லெஸ் கோ 2-இல் அந்த வசதி இருக்கிறது. அலை அறுந்தாலும் பதிவு அறாது.

மணவறையில்

தாலி கட்டும் நேரம்தான் ஒலிப்பதிவின் உச்சச் சோதனை. ஒரு நிமிடம் முன்புவரை ஐயர் மெல்ல மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். கெட்டிமேளம் என்றதும் தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக எழும். இணுவில், அளவெட்டிப் பக்கத்துத் தவிலைக் கிட்ட இருந்து கேட்டவர்களுக்கு அந்த எழுச்சி தெரியும். மந்திரத்துக்கு வைத்த லெவல் மேளத்தில் சிதறும். மேளத்துக்கு வைத்தால் மந்திரம் இரைச்சலுக்குள் புதையும்.

இங்கே கமராவை மறந்துவிட்டு ஒரு தனி ரெக்கோடரை மணவறையில் வையுங்கள். மாப்பிள்ளைக்குக் கொலர் மைக் குத்துவது பெரும்பாலும் வீண் வேலை, மாலை ஏறியதும் பூ உரசுகிற சத்தம்தான் மிஞ்சும். ஸூம் எச்1என் அளவுள்ள சிறு பெட்டியை மணவறைத் தூணின் பூ அலங்காரத்துக்குள் ஒளிக்கலாம், ஐயரின் வாயில் இருந்து ஒரு மீற்றருக்குள் இருந்தால் நல்லது. ஓமப்புகை அடிக்கும் பக்கம் கூடாது. மேளம் இருக்கும் பக்கத்துக்கு மைக்கின் முதுகைக் காட்டி வையுங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 கிகாபைற் வரும், 16 கிகாபைற் காட் முழுநாளுக்கும் காணும். 24 பிட்டில் மந்திரத்தின் உச்சத்தை மைனஸ் 30 வரை தாழ்த்தி வைத்தாலும் பிறகு தூக்கலாம், ஆகவே தாராளமாக இறக்கி வைத்து மேளத்துக்கு இடம் விடுங்கள். டாஸ்காம் டிஆர்-40 போன்றவை இன்னும் தாழ்ந்த லெவலில் இரண்டாவது பிரதி ஒன்றையும் கூடவே எழுதும்; கெட்டிமேளத்துக்கு அந்தப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம். 2024-இல் வந்த ஸூம் எச்1 எசென்ஷல் 32 பிட் ஃப்ளோட்டில் எழுதுவது, அதில் லெவல் வைக்கிற வேலையே இல்லை. ஆனாலும் தவிலுக்கு அரை மீற்றரில் வைத்தால் மைக்கின் சவ்வே தாங்காமல் சிதறும். அதை எத்தனை பிட்டும் காப்பாற்றாது.

இரண்டு சிறு விஷயங்கள். ஸூம் எச்4என்-இல் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு மினுங்கும், அது ஆயத்தம் மட்டுமே. இரண்டாவது முறை அழுத்தி விளக்கு நிலையாக எரிந்தால்தான் எழுதுகிறது. மினுக்கத்தைப் பதிவென்று நினைத்து நல்ல நேரம் முழுவதையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஹோல்ட் சுவிச்சைப் போடுங்கள், மணவறையைச் சுற்றி ஓடும் பிள்ளைகளின் கைக்குப் பொத்தான் ஒரு விளையாட்டுச் சாமான். ரீசார்ஜ் பற்றரி போட்டிருந்தால் மெனுவில் பற்றரி வகையையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மீதி எவ்வளவு என்பதைப் பிழையாகக் காட்டும்.

மிக்ஸரில் இருந்து ஒரு லைன்

அரங்கேற்றம், புத்தக வெளியீடு, பட்டிமன்றம் என்றால் பேச்சு ஏற்கனவே மேடை மைக்கால், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒலி அமைப்பாளரிடம் போய், “அண்ணை, ரெக்கோட் அவுட்டில இருந்து ஒரு லைன் தாங்கோ” என்று நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். தொடங்கிய பிறகு கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும்.

அந்த லைனை நேரே கமராவின் மைக் ஓட்டையில் குத்தக் கூடாது. மைக்கில் இருந்து வருவது சில மில்லிவோல்ற், மிக்ஸரில் இருந்து வருவது ஒரு வோல்ற்றுக்குக் கிட்ட. கமராவின் லெவலை எவ்வளவு இறக்கினாலும் உள்ளே நுழையும்போதே வெட்டுப்பட்டுவிடும். ரெக்கோடரில் லைன் இன் இருந்தால் அதில் குத்துங்கள், அல்லது 25 முதல் 40 டெசிபல் குறைக்கும் வயரை இடையில் போடுங்கள்.

இதைவிடத் தந்திரமான பிழை ஒன்று உண்டு. மிக்ஸரின் கால் அங்குல வெளியீடு பல வேளைகளில் பலன்ஸ்ட் வகை: ஒரே குரல், ஒரு கம்பியில் நேராகவும் மறு கம்பியில் தலைகீழாகவும் வரும். அதை ஸ்டீரியோ வயரால் இழுத்தால் இடப்பக்கம் நேர்க்குரல், வலப்பக்கம் தலைகீழ்க்குரல். ஹெட்போனில் கேட்டால் ஏதோ வித்தியாசமாக இருக்கும், ஆனாலும் குரல் கேட்கும். வீட்டுக் கணினியிலும் கேட்கும். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா அதை ஒற்றை ஸ்பீக்கர் போனில் திறந்தால் இரண்டும் கூடிப் பூச்சியமாகிவிடும். வாய் அசையும், சத்தம் இல்லை. அப்படி வந்துவிட்டால் ஒரு பக்கத்தை அழித்து மற்றதை இரண்டு பக்கத்துக்கும் பிரதி எடுத்தால் போதும். அனுப்புவதற்கு முன் எடிற்றிங்கில் ஒருமுறை மோனோவாக்கிக் கேட்பது இதற்காகத்தான்.

லைன் கிடைத்தாலும் ஒரு ரெக்கோடரை ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் இரண்டு மூன்று மீற்றரில் வைத்துவிடுங்கள். மிக்ஸரில் இருந்து வரும் ஒலியில் கைதட்டல் இல்லை, சிரிப்பு இல்லை, மைக் இல்லாமல் வாசிக்கும் மிருதங்கமும் இல்லை.

சோளகமும் பனையும்

வைகாசி தொடங்கி ஆவணிவரை தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும் காலத்தில் பண்ணைப் பாலத்திலோ காரைநகர் கசூரினாவிலோ நின்று கதைக்கிறவரைப் பிடிப்பது சும்மா காரியமில்லை. காற்று மைக்கின் சவ்வில் நேரே மோதிச் சுழல்வதால் வரும் ‘புடுபுடு’ சத்தம் குரலுக்கு மேலால் ஏறும். மைக்கோடு வரும் ஸ்பொஞ்ச் உறை மூச்சுக் காற்றைத்தான் தடுக்கும், சோளகத்துக்கு அது காணாது. நீண்ட ரோம உறை வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் பழைய கரடிப் பொம்மையின் தோலை உரித்துத் தைக்கலாம். துணியின் அடிப்பாகம் தடிப்பாக இருந்தால் குரலின் கூர்மை போய்விடும், ஆகவே வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்: மூச்சு தடையின்றிப் போனால் நல்ல துணி. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிச்சையும் போடுங்கள். ஆளைச் சுவருக்கோ நிற்கும் வானுக்கோ பின்னால் ஒதுக்குவது இவை எல்லாவற்றையும்விட மேல்.

பனை வேறு விதம். காவோலை உரசும் சலசலப்பு குரலின் மேல்பாதி இருக்கும் அதே அலைவரிசையில் பரந்து கிடக்கிறது, எந்த வடிகட்டிக்கும் அகப்படாது. பின்னணியில் பனங்கூடல் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஐம்பது மீற்றர் தள்ளி நின்று நீள லென்ஸால் பனையைக் கிட்ட இழுத்துக்கொள்ளுங்கள். படத்தில் கிட்ட, சத்தத்தில் தூர.

வீட்டுக்குள் எடுக்கும்போது விறாந்தையைவிட உடுப்பு அலுமாரியும் மெத்தையும் இருக்கும் அறை எவ்வளவோ நல்லது. கமராவுக்குத் தெரியாத பக்கத்தில் இரண்டு மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள், தடித்த பெட்சீற்றை நிலத்தில் விரியுங்கள். பனையோலைப் பாய் காலடிச் சத்தத்துக்கு உதவும், எதிரொலிக்கு உதவாது. மின்விசிறியை நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட்டு அதைப் போட்டுவிடுவது, வயதானவர்களுக்கு நாங்கள் காட்டும் மரியாதை. குசினி பிரிட்ஜையும் நிறுத்துங்கள், மோட்டர் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறந்தால் வீட்டுக்குப் போக முடியாது. சோக் உள்ள ரியூப் லைற் 100 ஹேர்ட்ஸில் முனகும். சாய்மனைக் கதிரை கிறீச்சிடும், வேறு கதிரை கேளுங்கள். போன்களைச் சைலண்டில் போடுவது போதாது, மைக் வயருக்குப் பக்கத்தில் கிடந்தால் அழைப்பு வரும்போது ‘டிட்-டிடிட்’ என்று பதிவில் ஏறும். மடிக்கணினி சார்ஜர் குத்தியிருந்தால் 50 ஹேர்ட்ஸ் ‘ம்ம்’ வரக்கூடும், கழற்றிவிட்டால் போய்விடும்.

வெளிச்சத்தங்களுக்கும் நேரம் உண்டு. காலையில் காகமும் கோயில் மணியும். பிறகு பாண் ஓட்டோவின் பாட்டு. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மெசின். ரயில் பாதை ஓரமென்றால் யாழ்தேவியின் ஊதல். திருவிழாக் காலத்தில் ஊர் முழுக்க ஒலிபெருக்கி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம் பெரும்பாலான ஒழுங்கைகள் அடங்கிக் கிடக்கும். சத்தம் வந்தால் கதையை நிறுத்தி, அது போன பிறகு அதே வசனத்தைத் தொடக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லுங்கள். எழும்ப முன்னம் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் இருக்கச் செய்து அறையின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டிய இடங்களில் இட்டு நிரப்ப அது வேண்டும். வெறும் பூச்சியத்தைப் போட்டால் காதில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும்.

படத்தோடு சேர்த்தல்

ரெக்கோடர் ஓடத் தொடங்கியதும் கமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். கமராவின் சொந்த மைக்கையும் நிறுத்தாதீர்கள், அந்த மோசமான ஒலிதான் சேர்ப்பதற்கு வழிகாட்டி. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிற்றிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இரண்டு அலைவடிவத்தையும் ஒப்பிட்டுத் தானாகச் சேர்த்துவிடும். கைதட்டல் கமராவுக்குக் கிட்ட இருக்கட்டும். ஒலி எங்கள் வெக்கையில் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர்தான் போகும். 14 மீற்றர் தள்ளித் தட்டினால் கமரா மைக்கில் 40 மில்லிசெக்கன் பிந்தி விழும், செக்கனுக்கு 25 பிரேம் எடுக்கும் வீடியோவில் அது ஒரு முழு பிரேம்.

நீண்ட பதிவில் வேறொரு தொல்லை. கமராவின் மணிக்கூடும் ரெக்கோடரின் மணிக்கூடும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெக்கன், ஏறக்குறைய இரண்டு பிரேம் விலகும். மிருதங்கத்தில் விரல் ஒரு இடமும் சொல் ஒரு இடமுமாகத் தெரியும். கமரா கோப்பை வெட்டி வெட்டி எழுதினால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சேருங்கள். ஒரே நீளக் கோப்பென்றால் முடிவிலும் ஒருமுறை கை தட்டி, அந்த இரண்டு தட்டலுக்கும் பொருந்துமாறு ஒலியின் வேகத்தை நூற்றில் 0.002 போன்ற அளவில் திருத்துங்கள்.

எடிற்றிங்கில் செய்வது கொஞ்சமாக இருக்கட்டும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, குரல் கொழகொழத்தால் 250 ஹேர்ட்ஸ் அளவில் இரண்டு மூன்று டெசிபல் குறைப்பு, உரத்த இடங்களை அமுக்கிச் சமன்செய்யும் கொம்பிரசர் 3:1-இல், ஒலியை உச்சத்தில் தடுக்கும் லிமிற்றர் மைனஸ் 1-இல். இரைச்சல் நீக்கியை 6 முதல் 10 டெசிபலுக்கு மேல் இழுத்தால் குரல் தகரமாகிவிடும். மின்விசிறி மெல்லக் கேட்பது அதைவிட நல்லது. கொலர் மைக்கின் ஒலி இடப்பக்கம் மட்டும் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் போடுங்கள். யூடியூப் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு) மேலான சத்தத்தை இறக்கிவிடும், ஆகவே அதற்கு மேல் உரத்து ஏற்றிப் பிரயோசனமில்லை.

ஹெட்போன் ஓட்டை இல்லாத கமராவோடு வேலை செய்பவர்கள் ரெக்கோடரின் ஹெட்போனில் கேளுங்கள். காதை மூடும் வகை வேண்டும், காதுக்குள் செருகும் சின்னதில் வெளிச்சத்தமும் கலந்துவிடும். ரெக்கோடர் இல்லாமல் கமராவில்தான் எல்லாம் என்றால், முதல் அரை நிமிடத்தை எடுத்துத் திரும்பப் போட்டு, ஆள் எழும்ப முன்னம் கேட்டுவிடுங்கள். வீடு போய்க் கேட்கும்போது வயர் பாதி கழன்றிருந்தது தெரிந்தால், ஐயரை இன்னொரு முறை மந்திரம் சொல்லச் சொல்ல முடியாது.